எரிபொருள் அட்டையா, கடன் அட்டையா? சேலம், நாமக்கல் சிறு லாரி உரிமையாளர்களின் டீசல் கணக்கு

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒன்று அல்லது இரண்டு லாரிகளை மட்டும் வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு டீசல்தான் மிகப் பெரிய அன்றாடச் செலவு. அந்தச் செலவைக் கட்ட அவர்கள் முன் இன்று இரண்டு அட்டைகள் நீட்டப்படுகின்றன. எரிபொருள் அட்டை என்பது ஓர் எண்ணெய் நிறுவனம் தன் பெட்ரோல் பங்க்குகளில் மட்டும் செல்லும்படி வழங்குவது. லாரிக்காரர்கள் இதை ‘ஃப்ளீட் கார்டு’ என்பார்கள். கடன் அட்டை என்பது வங்கி வழங்கும் ‘கிரெடிட் கார்டு’. எந்தப் பங்க்கிலும் செல்லும், டயர்க் கடையிலும் செல்லும்.

பங்க்கில் தேய்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே நடப்பது வேறு. எரிபொருள் அட்டையில் பெரும்பாலும் உரிமையாளர் முன்கூட்டியே போட்டுவைத்த சொந்தப் பணம் போகிறது. கடன் அட்டையில் வங்கியின் பணம் போகிறது. அதைக் குறித்த தேதிக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் புள்ளிகளையும் தள்ளுபடிகளையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இந்த அடிப்படை வேறுபாட்டைத் தவறவிடுகிறார். ஒற்றை லாரிக்காரருக்குக் கேள்வி ஒன்றுதான்: வாடகைப் பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது?

== வட்டாரமும் தொழிலும் ==

நாமக்கல் 1997 சனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. லாரித் தொழிலைப் பொறுத்தவரை இரண்டும் இன்னும் ஒரே வட்டாரம்தான். நாமக்கல் நகரம் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் எல்பிஜி டேங்கர்களுக்கும் பெயர் பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் ஊர். சங்ககிரி சரக்கு லாரிகளின் ஊர். வடக்கே காசுமீரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலம், நாமக்கல் வழியாகவும், சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் 544-ஆம் எண் நெடுஞ்சாலை சங்ககிரி வழியாகவும் செல்கின்றன. இங்குப் பதிவான லாரியை நாட்டின் எந்த மூலையிலும் பார்க்கலாம்.

சிறு உரிமையாளர்களில் ஓட்டுநராக இருந்து லாரி வாங்கியவர்கள் பலர். அவர்களுக்குக் கைகொடுத்தவை வாகன நிதி நிறுவனங்கள். சென்னையில் 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸும், 1979-இல் தொடங்கிப் பழைய லாரிக்கும் கடன் கொடுத்து வளர்ந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸும் இதில் முதன்மையானவை. ஆகவே மாதத் தவணை என்பது தொழிலோடு கூடவே பிறந்தது. தவணை தேதி தவறாமல் வரும்; வாடகை அப்படி வராது.

வழக்கமாக லோடு ஏற்றும்போது வாடகையில் ஒரு பகுதி அட்வான்ஸாகக் கிடைக்கும். மீதி, சரக்கை இறக்கி, பெற்றுக்கொண்டதற்கான ரசீது திரும்பி வந்த பிறகுதான். பெரிய ஆலைகளின் சரக்கை டிரான்ஸ்போர்ட் நிறுவனம் மூலமாக ஏற்றினால் பாக்கி வர வாரங்கள் ஆகலாம். டீசல், சுங்கச்சாவடி, ஓட்டுநர் பேட்டா, இறக்குகூலி எல்லாம் அதற்கு முன்பே கையை விட்டுப் போய்விடும்.

இந்த இடைவெளியை அட்டைகள் வருவதற்கு முன் இரண்டு வழிகள் நிரப்பின, இப்போதும் நிரப்புகின்றன. ஒன்று, ஊர்ப் பங்க்கில் கணக்கு வைப்பது. வண்டி புறப்படும்போது டேங்க்கை நிரப்பிக்கொண்டு, திரும்பி வந்ததும் கணக்கு முடிப்பார்கள். மற்றொன்று, புக்கிங் ஆபீஸ் கொடுக்கும் டீசல் சீட்டு. அட்வான்ஸில் ஒரு பகுதியை ரொக்கமாகத் தராமல், குறிப்பிட்ட பங்க்கில் இத்தனை ரூபாய்க்கு டீசல் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். இரண்டிலும் வட்டி என்று எதுவும் வெளியில் தெரியாது. ஆனால் எங்கே டீசல் போடுவது என்ற உரிமை லாரிக்காரர் கையில் இல்லை.

== எரிபொருள் அட்டை வந்த கதை ==

அரசு நிர்வகித்த விலை முறை 2002 ஏப்ரல் 1 முதல் கைவிடப்பட்டது. தனியார் பங்க்குகளும் வரத் தொடங்கின. அந்தக் காலகட்டத்தை ஒட்டித்தான் பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ்டிராக் பிளஸ் ஆகிய அட்டைகள் நெடுஞ்சாலைகளில் பரவின. விலை எல்லாப் பங்க்கிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, லாரிக்காரரைத் தன் பங்க்கிலேயே நிறுத்திவைக்க நிறுவனங்கள் கண்டுபிடித்த கயிறு இது.

அமெரிக்க எரிபொருள் அட்டைகளைப் பற்றிப் படித்துவிட்டு இந்திய அட்டையிலும் அதே பலனை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அங்கே காம்டேட்டா போன்ற நிறுவனங்கள் 1969 முதலே லாரித் தொழிலுக்குச் சேவை செய்துவருகின்றன. ஒவ்வொரு பங்க்கும் தன் விலையைத் தானே வைப்பதால், மொத்தமாக வாடிக்கையாளரைக் கொண்டுவரும் அட்டைக்கு நல்ல தள்ளுபடி தர இடம் உண்டு. ஐரோப்பாவில் 1934-இல் தோன்றிய ஜெர்மனியின் டிகேவி, பல நாட்டு எல்லைகளைக் கடக்கும் லாரிகளுக்கு ஒரே கணக்கு என்ற வசதியை விற்கிறது. இந்தியாவில் பெரும்பாலான பங்க்குகள் மூன்று பொதுத்துறை நிறுவனங்களுடையவை. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. 2017 சூன் 16 முதல் விலையை நாள்தோறும் மாற்றும் முறையும் வந்தது. என்றாலும் மூன்றின் விலைப் பலகையிலும் பைசா வேறுபாடுதான். ஆகவே ஒற்றை லாரிக்குக் கிடைக்கும் ஊக்கப் புள்ளிகளின் மதிப்பும் லிட்டருக்குப் பைசாக் கணக்கில்தான் நிற்கும். அதற்கு மேலான தள்ளுபடி நூற்றுக்கணக்கான வண்டி வைத்திருப்பவர் நிறுவனத்தோடு பேசி வாங்குவது.

== எரிபொருள் அட்டை எப்படி வேலை செய்கிறது ==

உரிமையாளர் பெயரில் ஒரு தலைமைக் கணக்கு இருக்கும். அதன் கீழ் வண்டிக்கு ஓர் அட்டை. அட்டையில் வண்டி எண் பதிந்திருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து தலைமைக் கணக்குக்குப் பணம் அனுப்பி, அதிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு என்று பிரித்து வைக்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் போடக் கூடாது என்று வரம்பும் வைக்கலாம். ஓட்டுநர் நாக்பூரில் டீசல் போட்ட மறு நிமிடம் நாமக்கல்லில் உரிமையாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும். அட்டை தொலைந்தால் அந்த ஓர் அட்டையை மட்டும் முடக்கலாம். கூடுதல் கட்டணம் எதுவும் டீசல் விலையோடு சேராது. சில திட்டங்களில் ஓட்டுநருக்கு விபத்துக் காப்பீடும் சேர்ந்து வரும்.

இதன் உண்மையான மதிப்பு கணக்கில் இருக்கிறது. எரிபொருள் அட்டையின் மாத அறிக்கையில் எத்தனை லிட்டர், எந்த ஊர், எத்தனை மணிக்கு என்று வரும். கடன் அட்டையின் அறிக்கையில் பங்க்கின் பெயரும் தொகையும் மட்டுமே வரும். ஓட்டுநரை நம்பி வண்டியை அனுப்பும் உரிமையாளருக்கு லிட்டர் தெரியாத கணக்கால் பயன் இல்லை. 2,400 கிலோமீட்டர் ஓடிய பத்துச் சக்கர லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 600 லிட்டர் போயிருக்க வேண்டும். அறிக்கையில் 640 இருந்தால் கேட்கலாம். பங்க் ஊழியரும் ஓட்டுநரும் சேர்ந்துகொண்டு, தொகையை முழுதாகத் தேய்த்து டீசலைக் குறைத்துப் போட்டு மீதியைப் பணமாக எடுத்துக்கொள்ளும் மோசடியை எந்த அட்டையும் தானாகத் தடுக்காது. லிட்டரையும் ஓடிய தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்தான் அதைப் பிடிக்க முடியும். அப்படிப் பார்க்க வேண்டிய எண்ணை எரிபொருள் அட்டை எழுதித் தருகிறது.

அப்படியானால் தன் லாரியைத் தானே ஓட்டுபவருக்கு? அவர் தன்னைத்தானே கண்காணிக்க வேண்டியதில்லை. எரிபொருள் அட்டையின் தலையாய நன்மை அவருக்குப் பாதிதான் பயன்படும்.

குறை என்று பார்த்தால் முதலில் நிற்பது பங்க்குகளின் எல்லை. இந்தியன் ஆயிலுக்கு நாடு முழுவதும் 37,000-க்கும் அதிகமான பங்க்குகளும், மற்ற இரண்டு நிறுவனங்களுக்கும் தலா 20,000-க்கும் அதிகமான பங்க்குகளும் இருக்கின்றன. எனவே நெடுஞ்சாலையில் பெரிய சிரமம் இராது. சிரமம் விலையில் வரும். 2023-இல் நயாரா நிறுவனம் லிட்டருக்கு 1 ரூபாய் குறைத்து விற்றது. அப்போது வேறு நிறுவனத்தின் அட்டையில் பணத்தைப் போட்டு வைத்திருந்தவர் அந்தப் பங்க்கைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. மாநில எல்லை விவகாரமும் உண்டு. கர்நாடகத்தில் டீசல் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. 2025 ஏப்ரல் 1-இல் அங்கே வரி உயர்ந்த பிறகு இடைவெளி சுருங்கியது. லிட்டருக்கு 2 ரூபாய் வேறுபாடு என்றாலும் 300 லிட்டருக்கு 600 ரூபாய். ஓசூரைத் தாண்டும்வரை மட்டும் போதுமான டீசலோடு புறப்பட்டு, அப்பால் டேங்க்கை நிரப்பும் ஓட்டுநர், எந்த அட்டையின் புள்ளியையும்விட அதிகமாக மிச்சம் பிடிக்கிறார்.

இரண்டாவது குறை பணம் முடங்குவது. 600 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்கு 55,200 ரூபாய் முன்னதாகவே கையில் வேண்டும். அதைத் தீர்க்க, வாகன நிதி நிறுவனங்களும் வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களோடு சேர்ந்து கடன் வசதியுள்ள எரிபொருள் அட்டையும் தருகின்றன. இதில் தவணை நாட்கள் குறைவு. நாள் தவறினால் வட்டி ஓடும். லாரிக் கடன் கொடுத்த அதே நிறுவனத்திடம் டீசல் கடனும் வாங்கினால், ஒன்றில் ஏற்படும் நிலுவை மற்றொன்றையும் பாதிக்குமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

== கடன் அட்டை: காருக்குத் தைத்த சட்டை ==

வங்கிகள் எரிபொருளுக்கென்றே தனிக் கடன் அட்டைகளை விற்கின்றன. அவற்றின் நிபந்தனைகளைப் படித்தால் அவை காரும் இருசக்கர வண்டியும் வைத்திருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது புரியும்.

கடன் அட்டையில் எரிபொருள் வாங்கினால் பொதுவாக 1% கூடுதல் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் சேரும். இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக விளம்பரம் சொல்லும். ஆனால் தள்ளுபடி பெரும்பாலும் 4,000 அல்லது 5,000 ரூபாய்க்கு உட்பட்ட பில்லுக்கே பொருந்தும். லாரி ஒரு முறை 300 லிட்டர் போட்டால் பில் 27,600 ரூபாய். தள்ளுபடி கிடையாது. கட்டணம் 276 ரூபாய், ஜிஎஸ்டி ஏறத்தாழ 50 ரூபாய்.

புள்ளிகளின் கதையும் இதுவே. எடுத்துக்காட்டாக, பிபிசிஎல் எஸ்பிஐ கார்டு தன் பங்க்குகளில் செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 13 புள்ளிகள் தருவதாக அறிமுகமானது. 4 புள்ளிகளுக்கு 1 ரூபாய் மதிப்பு. ஒரு மாதக் கணக்கில் 1,300 புள்ளிகளுக்கு மேல் கிடையாது. 1,300 புள்ளிகள் 10,000 ரூபாய் டீசலிலேயே முடிந்துவிடும். அது 108 லிட்டர்; லாரியின் முதல் நிரப்பலில் பாதிகூட இல்லை. மாதம் முழுக்க எவ்வளவு ஓடினாலும் அதிகபட்சம் 325 ரூபாய்தான். அட்டை விதிகள் அடிக்கடி மாறுபவை. ஆயினும் இந்த மாதிரியான உச்சவரம்பு இல்லாத எரிபொருள் கடன் அட்டையைக் காண்பது அரிது.

பெரிய பில்லை வங்கிகள் விரும்புவதும் இல்லை. ஹெச்டிஎஃப்சி வங்கி 2024 ஆகஸ்ட் 1 முதல் 15,000 ரூபாயைத் தாண்டும் எரிபொருள் பில்லுக்கு 1% தனிக் கட்டணம் விதித்தது. தனிநபர் கடன் அட்டையைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு டீசல் மட்டும் வாங்கும் அட்டை வங்கியின் கண்ணில் படாமல் போகாது. ஒரு நாள் ஜான்சியிலோ சம்பல்பூரிலோ அது முடங்கி நின்றால் வண்டியும் நிற்கும்.

பங்க்குகளுக்கும் வங்கிகளுக்கும் இடையே இந்த 1% நெடுநாள் பூசல். 2016 நவம்பர் 8 பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு மின்னணு முறையில் பணம் கட்டுபவருக்கு எண்ணெய் நிறுவனங்கள் 0.75% தள்ளுபடி அறிவித்தன. அடுத்த மாதமே, 2017 சனவரியில், சில வங்கிகள் பங்க் முகவர்களிடம் 1% கட்டணம் கேட்டன. அந்தத் தொகை தங்கள் கமிஷனிலிருந்து போகும் என்பதால், அட்டையே வாங்க மாட்டோம் என்று முகவர்கள் அறிவித்தார்கள். அரசு தலையிட்ட பிறகு அது தள்ளிப் போனது. 2019 அக்டோபர் 1 முதல் கடன் அட்டைக்கான 0.75% தள்ளுபடி நின்றது. கடன் அட்டையில் டீசல் வாங்குபவருக்காக அந்தச் செலவை ஏற்க ஒருவரும் தயாராக இல்லை என்பதே இந்த மூன்றாண்டுக் கதை.

== காலத்தின் விலை: ஒரு வட்டிக் கணக்கு ==

இவ்வளவு குறை இருந்தும் கடன் அட்டையை ஒதுக்கிவிட முடியாது. அது அவகாசம் தருகிறது. கணக்கு முடியும் தேதிக்கு மறுநாள் டீசல் போட்டால் கட்ட ஏறத்தாழ 50 நாள் கிடைக்கும். கணக்கு முடிவதற்கு முந்தின நாள் போட்டால் 20 நாள்தான்.

இந்த அவகாசத்தின் விலை என்ன? மாதம் இரண்டு நடை, 1,200 லிட்டர், 1,10,400 ரூபாய் என்று கொள்வோம். 1% கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,303 ரூபாய். புள்ளியில் 325 ரூபாய் கழிந்தால் 978 ரூபாய். இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் புரியும் மொழியில் சொன்னால், நூற்றுக்கு மாதம் ஒரு வட்டிக்கும் சற்றுக் குறைவு. அதே பணத்தை ஊரில் ரெண்டு வட்டிக்கு வாங்கி முன்பண எரிபொருள் அட்டையில் போட்டால் மாதத்துக்கு 2,208 ரூபாய் ஆகும். ஆக, முழுத் தொகையையும் நாள் தவறாமல் கட்டுபவருக்குக் கடன் அட்டை மலிவான கடன். கையிலேயே பணம் உள்ளவருக்கு அது வீண் செலவு. பெரிய பில்லுக்குத் தனியாக 1% வாங்கும் வங்கியின் அட்டையாக இருந்தால் அந்த மலிவும் போய், செலவு இரண்டு வட்டியைத் தாண்டிவிடும்.

நாள் தவறினால் கணக்கே வேறு. கடன் அட்டையின் வட்டி பல வங்கிகளில் மாதம் 3.5% அல்லது அதற்கு மேல். அதன்மேல் 18% ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் 4.13%, அதாவது நாலு வட்டிக்கும் மேல். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 50%. மூணு வட்டி வாங்குபவரைக் கந்துவட்டிக்காரர் என்று திட்டும் ஊரில், இதை வட்டி என்றே பலர் எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் அதீத வட்டிக்கு எதிராக 2003-இல் தனிச் சட்டமே வந்தது. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30% உச்சவரம்பு வைத்து தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று நீக்கிவிட்டது.

இன்னும் மோசமானது வட்டி தொடங்கும் நாள். பில்லில் ஒரு பகுதியை மட்டும் கட்டினால், மீதிக்கு மட்டும் வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முழுத் தொகைக்கும், டீசல் போட்ட நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3-ஆம் தேதி 27,600 ரூபாய்க்கு டீசல் போட்டு, அடுத்த மாதம் 20-ஆம் தேதி கெடுவில் 26,600 ரூபாய் கட்டி, 1,000 ரூபாயை மட்டும் பாக்கி வைத்தவரை எடுத்துக்கொள்வோம். 47 நாளுக்கு 27,600 ரூபாய்க்கான வட்டி சுமார் 1,493 ரூபாய்; ஜிஎஸ்டியோடு 1,761 ரூபாய். பாக்கி வைத்த தொகையைவிட வட்டி பெரிது. அதோடு அடுத்த நடைக்குப் போடும் டீசலுக்கு அவகாசமே இல்லாமல் போட்ட நாளிலிருந்தே வட்டி தொடங்கும். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று பில்லில் அச்சிடப்படும் எண்ணைக் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தவிர்க்கப்படும், வட்டி நிற்காது.

எனவே கடன் அட்டையை டீசலுக்குப் பயன்படுத்த நினைப்பவர் முதலில் தன் கடந்த ஆறு மாத வாடகைப் பாக்கிகளை எழுதிப் பார்க்க வேண்டும். லோடு ஏற்றிய நாளுக்கும் பாக்கி கைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்? 25, 30 நாளுக்குள் தவறாமல் வருகிறதென்றால், கணக்கு முடியும் தேதியை அதற்கேற்ப மாற்றிக் கேட்டுப் பெறலாம். ஒரு முறை 20 நாள், மறுமுறை 60 நாள் என்று ஆடினால் அட்டையைத் தொடாமல் இருப்பது நல்லது. பாக்கி வராத மாதத்தில்தான் லாரித் தவணையும் அட்டைப் பில்லும் ஒன்றாக வந்து நிற்கும். எதை முதலில் கட்டுவது என்று திணறி இரண்டையும் தவறவிட்டால் சிபில் மதிப்பெண் விழும். அடுத்த லாரிக்கோ, ஓடுகிற லாரியின் மறுகடனுக்கோ போகும்போது அந்த மதிப்பெண்தான் வட்டியைத் தீர்மானிக்கும்.

கடன் அட்டையை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவது தனி ஆபத்து. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரகசிய எண் வேண்டும். அதையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். ரகசிய எண்ணைப் பிறரிடம் சொன்னதால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அட்டைதாரரையே சேரும் என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதி. வேறு ஒருவர் ஓட்டும் லாரிக்குக் கடன் அட்டை பொருந்தாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

== நடைமுறையில் தேர்வு ==

தானே ஓட்டும் ஒற்றை லாரிக்காரர், வாடகை ஒழுங்காக வருபவர்: இவருக்குக் கடன் அட்டை பொருந்தலாம், முழுத் தொகையையும் தானாகவே வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு. வருமானச் சான்று இல்லாததால் அட்டை கிடைக்காதவர் வைப்புத்தொகையை ஈடாக வைத்து வாங்கலாம். ஆனால் வைப்பில் போடும் பணத்தையே முன்பண எரிபொருள் அட்டையில் சுழற்றினால் கட்டணம் இல்லாமல் வேலை முடிகிறதே என்று ஒரு முறை யோசிப்பது நல்லது.

ஓட்டுநர் வைத்து இரண்டு மூன்று வண்டி ஓட்டுபவர் தயங்க வேண்டியதில்லை, எரிபொருள் அட்டைதான். கடன் அட்டையை வீட்டில் வைத்துக்கொண்டு, வழியில் டயர் வெடித்தாலோ இன்ஜின் வேலை வந்தாலோ அவர் பயன்படுத்தலாம். அங்கே 1% எரிபொருள் கட்டணம் இல்லை, செலவும் எதிர்பாராதது. தினமும் வரும் டீசல் செலவைக் கடனில் ஓட்டுவதும், எப்போதோ வரும் செலவைக் கடனில் சமாளிப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது போட்டியாளரையும் சொல்லியாக வேண்டும். யுபிஐ வந்த பிறகு முன்பண எரிபொருள் அட்டையின் வசதி பாதி மங்கிவிட்டது. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் கட்டினால் கூடுதல் கட்டணம் இல்லை. எந்தப் பங்க்கிலும் செல்லும். பொதுவான வரம்பு நாளுக்கு ஒரு லட்சம் ரூபாய். தன் லாரியைத் தானே ஓட்டி, கையில் பணமும் உள்ளவருக்கு இதுவே போதும். லிட்டர்க் கணக்கும் வண்டிவாரி வரம்பும் மட்டுமே யுபிஐயில் கிடைக்காதவை.

வரிக்கு எந்த அட்டை நல்லது என்பதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. டீசல் ஜிஎஸ்டிக்குள் இல்லை. ஆகவே எந்த அட்டையில் வாங்கினாலும் டீசலுக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது. வருமான வரியில், பத்து வண்டிக்கு மேல் இல்லாதவருக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு ஓர் எளிய முறையைத் தந்தது: 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும். 28 டன் லாரிக்கு மாதம் 28,000 ரூபாய். இப்படிக் காட்டுபவருக்கு டீசல் பில்லே தேவைப்படாது. உண்மைக் கணக்கு எழுதி நட்டம் காட்டுபவருக்குத்தான் பில் முக்கியம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு அவருக்குப் பொதுவாக ஏற்கப்படாது. அட்டை, யுபிஐ எதுவானாலும் அந்தச் சிக்கல் இல்லை.

ரிக் வண்டிகளுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் அப்படியே பொருந்தாது. திருச்செங்கோட்டு ரிக் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் தங்கிக் கிணறு போடும். டீசலில் பெரும்பகுதியைக் குடிப்பது சக்கரம் அல்ல, கம்ப்ரசர். ஓடிய கிலோமீட்டரைக் கொண்டு டீசலைச் சரிபார்க்க முடியாது. போட்ட அடியையும் ஓடிய மணியையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எரிபொருள் அட்டையின் லிட்டர் அறிக்கை இங்கே உதவ வேண்டுமானால், மேலாளர் எழுதும் அடிக்கணக்கு நோட்டும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்பிஜி டேங்கர்கள் எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஓடுபவை. வாடகை தருபவரும் டீசல் விற்பவரும் ஒரே துறையினர் என்பதால், அவர்களுக்கு அட்டைத் தேர்வைவிட ஒப்பந்தத்தில் பில் பணம் வரும் நாள் என்ன என்பதே பெரிய விஷயம்.